செக்கடித் தெருக் குழாயில் வந்த பாட்டு

உசிலங்கரை செக்கடித் தெருவில் வியாழக்கிழமை காலைகளில் தண்ணீர் வரும், சில வியாழன் வராமலும் போகும். அப்படி வந்த ஒரு வியாழக்கிழமையில் கோமதியின் குடத்துக்குள் தண்ணீரோடு சேர்ந்து ஒரு கொரியப் பாட்டும் விழுந்தது. கோமதி அந்தக் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள். அது அவளுடைய முறை, முறை நடக்கும்போது பாட்டு வருகிறதா பாம்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவள் தன் குடத்தை நுழைத்துவிடுவாள். இரண்டாவது குடத்தில் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூன்றாவது குடமும் நிறைந்த பிறகுதான் அவள் நிமிர்ந்து, “எவட்டி போன்ல பாட்டுப் போட்டிருக்கது?” என்று கேட்டாள்.

யாரும் போடவில்லை. வரிசையின் நடுவில் நின்ற சண்முகவடிவு மட்டும் காதில் ஒயர் மாட்டியிருந்தாள். அவள் ஒயரை உருவினால் குழாயில் பாட்டு நின்று தண்ணீர் மட்டும் வந்தது, மாட்டினால் பாட்டும் வந்தது. மாட்டு என்று சொல்லி, கழற்று என்று சொல்லி, தெரு அதை நன்றாக உறுதி செய்துகொண்டது. “சரி, வடிவு காதுல கேக்கது குழாயில வருது. அடுத்த ஆளு குடத்த வைங்க” என்றார் கண்டக்டர் அய்யாத்துரை, விசிலை ஊதினார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெறும்போது எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு விசிலை மட்டும் கையோடு கொண்டுவந்தவர் அவர். தெருவில் தண்ணீர் முறை அவர் விசிலுக்குத்தான் நகரும்.

சண்முகவடிவு ஜாக்கெட் தைப்பவள். ஒற்றை அறையும் அடுப்படியுமாக இருந்த வீட்டில் ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டிருந்தாள், அவளிடம் வருகிறவர்கள் அளவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை, மருமகளின் நடப்பு, மூட்டுவலி, நாத்தனார் நகை வாங்கிய கதை என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அவள் கணவன் சௌந்தரபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், தங்கமான ஆள், ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுகிறவன். இப்படி நாள் முழுக்க அடுத்தவர் பேச்சே கொட்டிக்கொண்டிருந்த காதில், ஒரு மத்தியானம், கைவேலை டிசைன் தேடப் போன இடத்தில் போனில் தானாக ஒரு பாட்டு ஓடியது. ஆறு கொரியப் பையன்கள் ஆடிக்கொண்டே பாடினார்கள், ஒருவனுக்கு மட்டும் நீல நிறத்தில் முடி. அங்கிருந்து இன்னொரு பாட்டு, அதிலிருந்து வேறொன்று, கடைசியில் பியானோவின் முன்னால் தனியாக உட்கார்ந்து பாடும் ஒரு ஜப்பான்காரியிடம் வந்து சேர்ந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததுதான் சுகமாக இருந்தது, அதில் யாரும் அவளிடம் கொக்கி வைத்தாயிற்றா என்று கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பாட்டுகள் அவ்வளவு பிடித்திருந்தன, காலையில் எழும்போதே இன்றைக்கு எதைக் கேட்கலாம் என்ற நினைப்போடு எழுந்தாள்.

குழாயில் பாட்டு வந்ததற்குக் காரணம் தேடித் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார், பத்து நாள் கழித்து வந்து நிறம் இல்லை, நாற்றம் இல்லை, உப்பு கொஞ்சம் கூடுதல், பாட்டு இருந்தால் குடிக்கக்கூடாது என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை என்றார், தன் வீட்டுக்கும் ஒரு கேன் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அம்மன் கோயில் பூசாரி அபிஷேகத்துக்கு அந்தத் தண்ணீரை எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்து, ஜப்பான் பாட்டு இறங்கிய குடத்தை மட்டும் எடுப்பது என்று முடிவுசெய்தார், அதில் குதியாட்டம் குறைவு என்பதால். இவ்வளவுதான் விசாரணை. அதற்கப்புறம் எந்தக் குடத்தில் பாட்டு நன்றாக இறங்குகிறது என்பதே தெருவின் பேச்சாக இருந்தது.

பிளாஸ்டிக் குடத்தில் பாட்டு சப்பென்று இருந்தது. எவர்சில்வரில் பெண்குரல் கணீரென்று வந்தது, ஆனால் காதைக் குத்தியது. பித்தளைக் குடத்தில் பிடித்தால் கொரியப் பாட்டின் அடித்தாளம் இடுப்பிலேயே அதிர்ந்தது, அதனால் பரணில் புளியும் பழைய பத்திரிகையும் அடைந்து கிடந்த பித்தளைக் குடங்களெல்லாம் இறங்கி, சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் துலக்கப்பட்டு வரிசைக்கு வந்தன. தண்ணீரைக் காய்ச்சினால் பாட்டு வேகமாகும் என்றும் பானையில் ஊற்றிக் குளிரவைத்தால் இழுத்து நிதானமாகப் பாடும் என்றும் பெண்கள் கண்டுபிடித்தார்கள். கண்டக்டர் வீட்டில் மட்டும் ஒரு தப்பு நடந்தது, தண்ணீரைச் சேமிக்கிற பழக்கத்தில் இரண்டு வியாழக்கிழமைத் தண்ணீரை ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டார்கள், கொரியாவும் ஜப்பானும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தொட்டி கிடந்து கத்தியது. அள்ளி அள்ளி வேப்பமரத்தில் ஊற்றினார்கள், மரம் ஒரு வாரம் இலையை அடக்க முடியாமல் நின்றது.

இதில் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் முறை என்றால் ஆளுக்கு மூன்று குடம், உன் குடம் பெரிது என் குடம் சிறிது என்று வியாழக்கிழமைதோறும் மண்டை உருளும். அய்யாத்துரை யோசித்தார், இனிமேல் ஆளுக்கு ஒரு பாட்டு என்று சொல்லிவிட்டார். பாட்டு ஆரம்பித்தால் குடத்தை வை, முடிந்தால் எடு, எந்தக் குடத்தில் வேண்டுமானாலும் பிடித்துக்கொள். சண்டை ஒரே நாளில் நின்றது, அடுத்த வாரமே வேறு சண்டை பிறந்தது. கொரியப் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடும், ஜப்பான் பாட்டு நீளம், ஆகவே வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எல்லாம் ஜப்பான் கட்சி, தண்ணீர் நிற்பதற்குள் தங்கள் முறை வரவேண்டுமே என்று வாலில் நிற்பவர்கள் எல்லாம் கொரியாக் கட்சி. பாட்டு எதுவும் யாருக்கும் புரியவில்லை என்பது இதில் ஒரு தடையாகவே இல்லை.

“ஏட்டி வடிவு, எம் முறை வரும்போது அந்த பியானோக்காரிய வையி, கேட்டியா?” என்று கோமதி முந்தின நாளே வந்து சொல்லிவைப்பாள். வாலில் நிற்கும் வீட்டுக்காரிகள் மறுநாள் வந்து, “முன்னால உள்ளவளுக்கு மட்டும் சப்பான், எங்களுக்கு வெறும் காத்தா?” என்று கேட்பார்கள். வடிவுக்கு வரிசையில் நிற்கிற வேலை இல்லாமல் போனது, அவள் குடங்களை முதலில் நிரப்பி வீட்டில் வைத்துவிடுவார்கள், அவள் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் கேட்டால்தான் தெருவுக்குத் தண்ணீர் என்று சௌந்தரபாண்டி லோடு இறக்கப் போகிற ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

இதற்கு நடுவில் தெரு இன்னொன்றையும் கண்டுகொண்டது. வடிவு ஒயரைக் காதில் அழுத்தி வைத்தால் குழாயில் பாட்டு மங்கியது, தளர்த்தினால் கூடியது. “அவ்வளவு உள்ள தள்ளாத வடிவு, லேசா தொங்க விடு” என்று சொன்னார்கள். அவள் தொங்கவிட்டாள். தெரு நன்றாகக் கேட்டது, அவளுக்குப் பாதி கேட்டது. அந்தப் பாதியிலும் பாதிதான், போனோடு வந்த அந்த ஒயரில் இடதுபக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது.

பிடித்ததை வேலையாகச் செய்தால் என்ன ஆகும் என்பது வடிவுக்கு ஜாக்கெட்டிலேயே தெரியும், சின்னப் பிள்ளையில் பொம்மைக்குச் சட்டை தைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டவள் அவள். ஒரு திங்கட்கிழமை, யாரும் கேட்காத நேரத்தில், தனக்கென்று அந்த ஆறு பையன்களின் பாட்டைப் போட்டாள். இது கோமதி மைனிக்குக் காணாது என்று மனசு கணக்குப் போட்டது. பியானோக்காரியின் பாட்டைப் போட்டாள், இது வால்காரிகளுக்கு ஆகாது என்றது. அவளுக்குப் பயமாகிவிட்டது. உலகத்திலேயே தனக்கென்று வைத்திருந்த ஒன்று கைக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தது, இன்னும் நாலு வியாழக்கிழமை போனால் இந்தப் பாட்டும் தனக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெருவும் அதே வாரம் ஒரு குறையைச் சொன்னது. பாட்டில் ஏதோ ஒருபக்கம் குறைகிறது, ஒத்தைக்காலில் நிற்கிறாற்போல் இருக்கிறது, வடிவு நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கவேண்டும் என்று முடிவாயிற்று. அய்யாத்துரை தன் மருமகனிடம் விசாரித்து வைத்திருந்தார். “ரெண்டு வகை இருக்காம். மூடினது, தொறந்தது. தொறந்ததுல சத்தம் வெளிய வருமாம், நமக்கு அதுதான் தோது” என்றார். ஆளுக்குக் கொஞ்சம் போடலாம் என்று பேச்சு வந்தபோது வடிவு மறுத்தாள். “என் காதுக்கு நானே வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி.” சரி, பேரம் பேச ஆள் வேண்டுமே என்று கோமதியைக் கூட அனுப்பினார்கள்.

மதுரையில் அந்தக் கடை ஏசி போட்டுச் சில்லென்று இருந்தது. கடைப் பெண், என்ன மாதிரிப் பாட்டு கேட்பீர்கள் என்று கேட்டாள், ஜாக்கெட் தைக்கிற பெண்ணிடமிருந்து கொரியா, ஜப்பான் என்று பதில் வந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. “அக்கா, நானும் அதான் கேப்பேன்” என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினாள். கொரியப் பாட்டுக்கு அடித்தாளம் ஆழமாக இறங்கவேண்டும், ஆனால் அது குரலின் மேல் ஏறி உட்காரக்கூடாது. ஜப்பான் பாட்டில் ஒரே நேரத்தில் கிடார், வயலின், பியானோ, டிரம்ஸ் எல்லாம் முட்டிமோதும், அதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும். வடிவு கேட்டுக்கொண்டே மெத்தைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், தையல் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள், இரண்டைத் தள்ளிவைத்தாள். “இது ரெக்சின். எங்கூரு வெயிலுக்கு ஆறு மாசத்துல உரிஞ்சிரும். துணி மெத்தை இருக்கா?” என்று கேட்டாள்.

முதலில் திறந்த வகையை மாட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் நாலு பக்கமும் பரந்து, கல்யாண மண்டபத்தின் நடுவில் நிற்பதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற கோமதி தலையை ஆட்டினாள். “எனக்கே நல்லா கேக்கு வடிவு. இதான். இதையே எடு, பஸ்ஸ புடிப்போம்.”

“இதையும் ஒருதடவை போட்டுப் பாருங்கக்கா” என்று கடைப் பெண் மூடிய வகை ஒன்றைக் கொடுத்தாள். வடிவு அதை மாட்டியதும் ஏசியின் இரைச்சல் போனது, தெருவில் போன பஸ் ஹார்ன் போனது, கோமதியின் வாய் மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு பாட்டு ஆரம்பித்தது. அந்த ஆறு பையன்களின் பாட்டு, நூறு தடவை கேட்ட பாட்டு, ஆனால் முதல் வரிக்கு முன்னால் ஒருவன் மூச்சு இழுப்பது கேட்டது, தாளம் அடிவயிற்றில் இறங்கியது, இடதுபக்கத்தில், இத்தனை நாள் செத்துக்கிடந்த அந்தப் பக்கத்தில், இன்னொரு குரல் முதல் குரலுக்குக் கீழே கைகொடுத்தபடி கூடவே வந்தது. நீலமுடிக்காரன். அவன் வாய் அசைவதை வீடியோவில் பார்த்திருக்கிறாள், அவன் சும்மா வாயசைக்கிறான் என்றே நினைத்திருந்தாள். பாட்டு முடியும்வரை ஒரு குடத்தின் நினைப்புகூட வரவில்லை. கண்ணில் நீர் வந்தது, அவள் துடைக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றியபோது கோமதி பதறிப்போய் நின்றாள். “என்னட்டி, என்ன ஆச்சு?”

“மைனி, எனக்கு இந்தப் பாட்டு புடிக்காம போயிக்கிட்டே இருந்துச்சு. செத்துப் போயிருமோன்னு பயந்துட்டேன். போகல. இருக்கு.” அவ்வளவுதான் வடிவுக்குச் சொல்ல வந்தது.

கோமதி அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். பியானோக்காரியின் பாட்டை வடிவு வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து வாய் மூடாத கோமதி முழுப் பாட்டுக்கும் வாய் மூடி, கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி நின்றாள், நடுவில் ஒருதடவை மட்டும், “ஏட்டி, இதுல எஞ் சத்தமே எனக்குக் கேக்கலயே!” என்று கத்தினாள், கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கழற்றிக் கொடுத்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

“இதையே எடு.”

“தெருவுக்கு என்ன மைனி சொல்ல?”

“நடந்ததைச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்.”

அன்று சாயங்காலம் குழாயடியில் கூட்டம் கூடியது. வடிவு மூடிய ஹெட்போனைக் காட்டி, இனி வியாழக்கிழமை பாட்டு வராது, இது எனக்கு, வேலையாகக் கேட்டால் எனக்குப் பிடிக்காமல் போகிறது என்று சொன்னாள். ஜப்பான் கட்சியும் கொரியாக் கட்சியும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து சத்தம்போட்டன. பித்தளைக் குடத்தை யாருக்காக இறக்கினோம் என்று ஒருத்தி கேட்டாள். கோமதி பேச வாயெடுத்தாள், அதற்குள் சௌந்தரபாண்டியைப் பிடித்துக்கொண்டார்கள், நீ சொல்லுப்பா, உன் பொண்டாட்டிதானே என்று. ஊரெல்லாம் பெருமையடித்தவன் அவன், முகம் வாடித்தான் போயிருந்தது. ஆனாலும், “காது அவளதுல்லா அண்ணாச்சி” என்றான், வாழ்க்கையில் முதல்தடவையாக அதற்குமேல் பேசவில்லை.

அய்யாத்துரை விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டினார். “அப்போ பழையபடி மூணு குடம்” என்றார். பிறகு, “வடிவு இத்தன வாரம் வரிசையில நிக்கல. அதனால அவளுக்கு முறை கடைசி” என்றார். கடைசி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், நாலு வியாழனில் ஒரு வியாழன்தான் தண்ணீர் கடைசி ஆள்வரை வரும். கோமதி எகிறினாள், வடிவு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கடைசி போதும் மைனி.”

வியாழக்கிழமை வந்தது. தண்ணீர் வெறும் தண்ணீராக வந்தது. உன் குடம் பெரிது என் குடம் சிறிது என்று பழைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. வடிவு தன் மூன்று குடங்களையும் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, முறை வர எப்படியும் நேரமாகும் என்று மெஷினில் உட்கார்ந்தாள், முறை வந்தால் குழாயடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு பாட்டு என்று நினைத்துத்தான் ஹெட்போனை மாட்டினாள். ஒன்று இரண்டாகி, இரண்டு எத்தனையாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. இடதுபக்கத்துக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைத் திரும்பக் கேட்டாள். பிறகு அதே பாட்டை, அந்தக் குரலை விட்டுவிட்டு, தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெயில் ஜன்னலைத் தாண்டி மெஷினின் மேல் ஏறியபோதுதான் முறை என்று ஒன்று இருந்தது ஞாபகத்துக்கு வந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். குழாயடியில் ஒருவரும் இல்லை, சிமெண்டுத் தளம்கூட உலர்ந்துவிட்டிருந்தது. வாசலில் அவள் மூன்று குடங்களும் நிமிர்ந்து, விளிம்புவரை நிறைந்து நின்றன. அவற்றின் பக்கத்தில் அவளுடையதல்லாத ஒரு பித்தளைக் குடமும் நிறைந்து நின்றது.

எதிர்வீட்டு நடையில் கோமதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “தண்ணி உன் முறைக்கு முன்னாலயே நின்னுட்டு” என்றாள்.

“அப்போ இது?”

“ஆளுக்குக் கொஞ்சம் ஊத்துனோம். எதுக்கு முழிக்க? ஊத்தச் சொன்னது நானில்ல.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல மைனி?”

“கண்டக்டர்தான் வந்தாரு. ஜன்னல்கிட்ட நின்னு பாத்தாரு. நீ கண்ண மூடிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு இருந்தியாம். திரும்பி வந்து, அவள யாரும் கூப்பிடாதீங்கன்னுட்டாரு. பித்தளைக் குடம் அவுக வீட்டுது. சாயங்காலம் கொடுத்துரு, இல்லன்னா கண்டக்டர் வீட்டு அக்கா ஏசும்.”

வடிவு குடங்களை ஒவ்வொன்றாக இடுப்பில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பித்தளைக் குடத்தைக் கடைசியாக எடுத்தாள், கனமாக இருந்தது. தண்ணீர் தளும்பியது, அதில் வேறு ஒரு சத்தமும் இல்லை. பிறகு வந்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். செக்கடித் தெருவில் பட்டப்பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று நாலு வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தட்டுவார்கள். அன்றைக்கு யாரும் வரவில்லை.